கோவேறு கழுதைகளின் பாதையில் மழை

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பகுதியில் தொடங்கும் செசபீக்–ஒஹையோ கால்வாய், பொடோமாக் ஆற்றை ஒட்டியே மேற்கே போய் மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்தில் முடிகிறது. நீளம் 184.5 மைல், ஏறத்தாழ 297 கிலோமீட்டர். இன்று அதில் சரக்குப் படகுகள் ஓடுவதில்லை. பல இடங்களில் தண்ணீரே இல்லை. ஆனால் படகை இழுத்த கோவேறு கழுதைகள் நடப்பதற்காகக் கரையில் போட்ட மண்பாதை அப்படியே இருக்கிறது. நெடுந்தூர சைக்கிள்காரர்கள் தேடி வருவது அந்தப் பாதையைத்தான்.

1828 ஜூலை 4 அன்று ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் முதல் மண்ணை வெட்டித் தொடங்கிய வேலை இது. மண்வெட்டி வேரில் மாட்டிக்கொள்ள, அவர் கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி வெட்டினார். அதே நாளில் பால்டிமோரில் ரயில் பாதைக்கும் அடிக்கல் நாட்டினார்கள். ரயில் 1842-ல் கம்பர்லாந்தை எட்டியது. கால்வாய் எட்டியது 1850-ல். அதற்குமேல் அது நகரவில்லை. எட்டவேண்டிய ஒஹையோ ஆறு பெயரில் மட்டும் நின்றுபோனது. கம்பர்லாந்து நிலக்கரியைச் சுமந்து காலம் தள்ளிய கால்வாயை 1889 வெள்ளம் நொடிக்கவைத்தது, 1924 வெள்ளம் மூடவைத்தது.

கிழக்கிலிருந்து மேற்கே மொத்த ஏற்றம் 605 அடிதான். அதுவும் சீரான ஏற்றம் அல்ல. படகுகளைப் படிப்படியாக உயர்த்த 74 இடங்களில் கல்லால் கட்டிய 'லாக்'குகள் உண்டு. அந்த ஒவ்வொரு இடத்திலும் பாதை சட்டென்று சில அடி எழும்பி, பிறகு மைல் கணக்கில் சமதளமாகப் போகும். தொடையைச் சோதிக்கிற பாதை இல்லை. சோதிப்பது மழை.

களிமண்ணும் பொடிக்கல்லும் கலந்த தரை. இருபுறமும் மரங்கள் அடர்ந்திருப்பதால் வெயில் தரைக்கு எட்டாது. மழை விட்டபின்பும் இலைகள் நெடுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும். நடுவில் புல், இரண்டு பக்கமும் சக்கரத் தடம் என்று மாட்டுவண்டிப் பாதை போலத்தான் பல இடங்களில் இருக்கிறது. தடம் இரண்டிலும் தண்ணீர் நின்றுவிட்டால் புல்மேட்டில் ஓட்டத் தோன்றும். அங்கே ஈர வேர் காத்திருக்கும். வேரைச் சாய்வாகக் கடக்கிற சக்கரம் வழுக்கும். நேராக, பிரேக் பிடிக்காமல் ஏறிக் கடக்க வேண்டும்.

சேற்றின் உண்மையான சேட்டை டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நடக்கிறது. மண்ணும் இலையும் சேர்ந்து அந்த இடைவெளியில் அப்பி, கொஞ்ச நேரத்தில் சக்கரம் சுற்றாமலே நின்றுவிடும். இறங்கி, ஒரு குச்சியை ஒடித்து நோண்டியெடுக்க வேண்டும். அரை மைலில் மறுபடியும் அதே கதை. மட்கார்டை உயர்த்தி மாட்டுவது நல்லது. கழற்றிவிட்டால் முதுகு முழுக்கச் சேறு. ரிம்மைப் பிடிக்கிற பிரேக் கட்டைகள் மணலோடு தேய்ந்து விரைவில் கரையும். ஆகவே டிஸ்க் பிரேக்கும், 40 மில்லிமீட்டர் அளவுக்கு அகன்ற டயரும், செயின் எண்ணெயும் ஆடம்பரம் அல்ல. காய்ந்த தரையில் நாளுக்கு 60 மைல் போகிறவர் சேற்றில் 40 போனாலே பெரிது. அறை முன்பதிவைக் காய்ந்த தரைக் கணக்கில் செய்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

தங்க, சில மைல்களுக்கு ஒன்றாக இலவசக் கூடார இடங்கள் உள்ளன. ஒரு அடிபம்பு, ஒரு மேஜை, ஒரு கழிப்பறை, அவ்வளவுதான். குளிர்காலத்தில் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள்.

ஜார்ஜ்டவுனிலிருந்து 42-வது மைலில், மொனோகசி ஆற்றின்மேல் ஏழு வளைவுகளோடு 1833-ல் கட்டி முடித்த 516 அடித் தொட்டிப் பாலம், அதாவது கால்வாயையே ஆற்றுக்கு மேலே சுமந்த பாலம், நிற்கிறது. இரட்டிப்பு தூரம் கடந்தால் பிக் ஸ்லாக்வாட்டர். அங்கே மலைச்சரிவு ஆற்றோடு ஒட்டிக்கொள்வதால் கால்வாய் வெட்ட இடமில்லை. படகுகள் ஆற்றுக்குள்ளேயே இறங்கிப் போயின, கோவேறு கழுதைகள் பாறை விளிம்பில் நடந்தன. 1996 வெள்ளத்தில் சிதைந்த அந்த விளிம்பு கான்கிரீட் நடைபாதையாகி 2012-ல்தான் திறந்தது. ஹான்காக் ஊரை ஒட்டிப் பழைய ரயில் தடத்தில் போட்ட தார்ப்பாதை ஒன்று கால்வாய்க்கு இணையாக ஓடுகிறது. மழைநாளில் அதில் ஏறிவிடுவதில் வெட்கமில்லை.

155-வது மைலில் பா பா சுரங்கம். பா பா என்பது சீத்தாக் குடும்பத்து மரம், பப்பாளி அல்ல. ஆற்றின் வளைவுகளைத் தவிர்க்க மலையைக் குடைந்த 3,118 அடிச் சுரங்கம் இது. உள்ளே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள். வேலை 1836-ல் தொடங்கி 1850-ல் முடிந்தது. உள்ளே ஒரு படகுக்குத்தான் வழி. எதிரெதிரே வந்த இரண்டு படகுக்காரர்கள் விட்டுக்கொடுக்காமல் நாள்கணக்கில் நின்றதாகவும், பச்சைச் சோளத்தட்டையைக் கொளுத்திப் புகை போட்டு அவர்களை வெளியேற்றியதாகவும் கதை உண்டு. விளக்கைப் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடக்க வேண்டும். வெளியே மழை கொட்டினாலும் தலை நனையாத முக்கால் கிலோமீட்டருக்கும் மேலான தூரம் இது. ஆனால் கூரை கசியும்.

இந்தச் சேற்றுப் பாதை மிஞ்சியதற்கும் ஒரு கதை உண்டு. இங்கே கார்ச்சாலை போடலாம் என்று வாஷிங்டன் போஸ்ட் தலையங்கம் எழுத, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் ஆசிரியர்களைத் தன்னோடு முழுப் பாதையும் நடந்து பார்க்க அழைத்தார். 1954 மார்ச்சில் பெருங்கூட்டமாகக் கிளம்பி, அவரோடு சேர்த்து ஒன்பது பேர் முழுத் தூரமும் நடந்து முடித்தார்கள். சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971-ல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது.

கம்பர்லாந்தில் மண்பாதை முடிந்து, பிட்ஸ்பர்க் வரை 150 மைல் ரயில் தடப் பாதை தொடங்குகிறது. அதில் போட்டிருப்பது சுண்ணாம்புக்கல் பொடி. மழைத் தண்ணீர் வடிந்துவிடும்.