மழை நகரின் உள்ளரங்குகள்: தைப்பிங் அரும்பொருளகங்களும் இந்தியத் தடங்களும்

மலேசியாவில் இந்தியப் பண்பாட்டின் பழந்தடங்களைக் காண விழைவோர் பெரும்பாலும் கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கையே முதலில் நினைப்பர். அது முறையே. எனினும் பேராக் மாநிலத்தின் வடபகுதியில் அமைந்துள்ள தைப்பிங் என்னும் சிறுநகர், இந்திய ஆய்வியல் மாணவர்களின் கவனத்தைப் போதிய அளவு பெறவில்லை என்பது நம் கருத்து. இங்குள்ள அரும்பொருளகங்களையும் அவற்றையொட்டிய சில உள்ளரங்கக் காட்சியிடங்களையும் அறிமுகப்படுத்தி, அவற்றில் நம் மக்களின் வரலாறு எவ்வாறு இடம்பெற்றுள்ளது, எங்கே விடுபட்டுள்ளது என்பதைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உள்ளரங்கம் என்று குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பிந்தாங் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த தைப்பிங், தீபகற்ப மலேசியாவிலேயே மிகுதியாக மழை பெறும் நகரமாகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 4000 மில்லிமீட்டர் மழை இங்குப் பெய்கிறது. முற்காலத்தில் அன்றைய மழை எப்பொழுது பெய்யும் என்று பந்தயம் கட்டி விளையாடும் வழக்கமும் இந்நகரில் இருந்ததாகச் சொல்வர். 1880ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட ஏரிப் பூங்காவைக் காணச் சென்ற பயணி, பிற்பகலில் கூரை தேடி ஓடுவது இங்கு இயல்பு. அக்கூரைகளுள் சில நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றைக் காத்து நிற்கின்றன.

பேராக் அரும்பொருளகம்

சிறைச்சாலைக்கு எதிரே அமைந்துள்ள பேராக் அரும்பொருளகம் 1883ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. நாட்டின் மிகப் பழைமையான அரும்பொருளகம் இதுவே. பேராக்கின் ஆங்கிலேய ஆலோசகராக (ரெசிடெண்ட்) 1877 முதல் 1889 வரை பணியாற்றிய சர் ஹியூ லோ இதனை நிறுவினார். லியோனார்ட் ரே இதன் முதற் காப்பாளர் ஆவார். அக்காலத்தில் தைப்பிங் பேராக்கின் தலைநகராக விளங்கியது. அத்தகுதி 1937ஆம் ஆண்டில்தான் ஈப்போவிற்கு மாறியது. தலைநகருக்கென எழுந்த நிறுவனம், தலைநகர் இடம்பெயர்ந்த பின்னரும் சிறுநகரிலேயே தங்கிவிட்டது. இவ்வளவு பெரிய சேகரிப்பு இத்துணைச் சிறிய ஊரில் இருப்பதற்கு இதுவே காரணம்.

விலங்கு, பறவைகளின் பதனிட்ட உடல்கள், பூர்வகுடியினரின் வாழ்க்கைக் கருவிகள், மலாய் ஆயுதங்கள், மட்கலங்கள் ஆகியவை இங்குள்ள முதன்மைக் காட்சிப் பொருள்கள். பதனிட்ட உடல்களை நாம் விரைந்து கடந்துவிடலாம். பூர்வகுடியினர் பகுதியில் சற்று நின்று பார்த்தல் வேண்டும். அவர்களின் கூடை முடைதலையும் ஊதுகுழல் அம்பையும் நேரில் கண்டவர்க்கு, இந்நாட்டின் வரலாறு வந்தேறியவர்களோடு தொடங்கவில்லை என்பது எவரும் சொல்லாமலே விளங்கும்.

இந்திய ஆய்வியல் மாணவர்க்கு இவ்வரும்பொருளகம் முதன்மையாவது மற்றொரு காரணத்தால் ஆகும். இங்குப் பணியாற்றிய ஐவர் இவான்ஸ் என்னும் ஆய்வாளர், தைப்பிங்கிற்கு மேற்கே கடலோரச் சதுப்புநிலத்தில் உள்ள கோலா செலின்சிங் என்னுமிடத்தில் அகழாய்வு மேற்கொண்டார். கண்ணாடி மணிகள், கல்மணிகள், மட்கலங்கள் எனப் பல பொருள்கள் அங்குக் கிடைத்தன. அவற்றுள் புகழ்பெற்றது ஒரு சிறிய சூதுபவள முத்திரை. தென்னிந்திய எழுத்துமரபைச் சார்ந்த வரிவடிவில், 'ஸ்ரீ விஷ்ணுவர்மனுடையது' என்று பொருள்படும் வடமொழிச் சொல் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இம்முத்திரையைப் பற்றிப் பேசும்போது நம்மவர் சிலர் காட்டும் ஆர்வம் எல்லை மீறிவிடுகிறது. விஷ்ணுவர்மன் என்பவன் பேராக்கை ஆண்ட தமிழ் மன்னன் என்றும், பல்லவர் இங்கு ஆட்சி நடத்தினர் என்றும் மேடைகளில் முழங்குவோர் உளர். விரல் நுனியில் அடங்கும் ஒரு முத்திரை, வணிகன் ஒருவனின் மடியிலோ மாலுமியின் கழுத்திலோ கடல் கடந்திருக்கலாம், பலமுறை கைமாறியிருக்கலாம். பெயர் பொறித்தவன் இம்மண்ணை மிதித்தான் என்பதற்குக்கூட அது சான்றாகாது. அது மெய்ப்பிப்பது வேறொன்று: அலையாத்திக் காட்டினிடையே வாழ்ந்த கடலோர மக்கள், வங்கக் கடலின் மறுகரையோடு தொடர்புடைய வணிக வலையில் இணைந்திருந்தனர். நம் பார்வையில் இது ஓர் அரசனின் பெயரைவிடப் பெரிய செய்தி. இல்லாததை உண்டென்று கூறின், உள்ளதையும் பிறர் நம்ப மறுப்பர்.

மாத்தாங் கோட்டை

நகருக்குச் சில கிலோமீட்டர் மேற்கே மாத்தாங் அரும்பொருளகம் உள்ளது. இது லாருட் பகுதியின் ஆட்சியாளர் ஙா இப்ராகிமின் கோட்டை இல்லமாகும். அவருடைய தந்தை லோங் ஜாஃபாரின் காணாமற்போன யானை, காலில் ஈயச் சேற்றோடு திரும்பியதால்தான் இப்பகுதியின் ஈயவளம் தெரியவந்தது என்பது வழிவழிக் கதை. ஈயத்தைத் தொடர்ந்து சீனச் சுரங்கத் தொழிலாளர் வந்தனர். கீ ஹின், ஹாய் சான் என்னும் இரு குழுவினரிடையே 1861 முதல் போர்கள் மூண்டன. 1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் அமைதி ஏற்படவே, நகருக்குச் சீனமொழியில் பேரமைதி எனப் பொருள்படும் 'தைப்பிங்' என்ற பெயர் வாய்த்தது.

1875ஆம் ஆண்டு பாசிர் சாலாக்கில் ஆலோசகர் பர்ச் கொல்லப்பட்டார். அதன் தொடர்பாக மகாராஜா லேலா முதலியோர் மீதான வழக்கு இக்கோட்டையிலேயே விசாரிக்கப்பட்டது. 1877ஆம் ஆண்டு சனவரியில் அவர்கள் தூக்கிலிடப்பட்டனர். கோட்டைக்கு உரியவரான ஙா இப்ராகிமே சீசெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். 1913ஆம் ஆண்டில் இதே கட்டடம் மலாய் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகியது. 1922இல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தோன்றும்வரை அது இங்கு இயங்கியது. ஒருவனுடைய வீடு வழக்குமன்றமாகவும், வழக்குமன்றம் வகுப்பறையாகவும் மாறியதை ஒரே தளத்தில் நின்று காண முடிவது அரிது.

விடுபட்டவர்கள்

இவ்விரு அரும்பொருளகங்களிலும் பேரரசு, போர், ஈயம் ஆகியவற்றின் கதை விரிவாகக் கிடைக்கிறது. ஆனால் அந்த ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு சென்றவர் யார் என்ற வினாவிற்கு விடை தேட நாம் வெளியே வர வேண்டியுள்ளது. நாட்டின் முதல் இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டு சூன் முதல் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கும் இடையே திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இதனை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் தொழிற்படையினர் வரவழைக்கப்பட்டனர். பின்னர் தண்டவாளம் பேணும் வேலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளரும், நிலைய அதிகாரி, எழுத்தர் பணிகளில் யாழ்ப்பாணத் தமிழரும் இந்நாட்டு இரயில்வேயில் பெருமளவில் இடம்பெற்றனர். இவர்களுடன், 1896இல் தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த மலாய் நாடுகளின் கைட்ஸ் படையில் பணிபுரிந்த சீக்கியரையும் பஞ்சாபி முஸ்லிம்களையும் பட்டாணியரையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

இவர்களுடைய பொருள்கள் எங்கே? சம்பளச் சீட்டு, கப்பல் பயணத் தாள், தகரப் பெட்டி, இரயில்வே விளக்கு, குடும்ப நிழற்படம் ஆகியவை நூலகத்திலும் இல்லை, கண்ணாடிப் பேழையிலும் அரிதாகவே உள்ளன. அரும்பொருளகத்தை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. கொடுப்பார் இன்றிக் காப்பார் இல்லை. பாட்டனார் மறைந்த மறுமாதமே அவருடைய தகரப் பெட்டியைப் பழைய சாமான்காரனிடம் எடைக்குப் போட்ட குடும்பங்களை நாம் அறிவோம். நம் உறவினர் வீடும் அவற்றுள் ஒன்று. அப்பெட்டியில் இருந்த தாள்களை எவரும் படித்துப் பார்க்கவில்லை. இளங்கலை மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரின் ஒரு பொருளையேனும், அதன் கதையோடும் ஆண்டோடும் எழுதிப் படமெடுத்து வைப்பாராயின், நாளைய காட்சிப் பேழைக்கு அதுவே தொடக்கமாகும்.

வேறு சில கூரைகள்

மழை விடாத நாளில் காணத்தக்கன இன்னும் உள. 1886ஆம் ஆண்டின் மரத்தாலான ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் அவற்றுள் ஒன்று. 1933 முதல் இயங்கும் ஆந்தோங் காப்பி ஆலையில் காப்பிக் கொட்டை வறுபடுவதை அறிந்துகொள்ளலாம்.

ஆயினும் நாம் மிகவும் பரிந்துரைப்பது கோலா செபெத்தாங்கில் உள்ள கரிச்சூளைகளையே. நீண்ட கூரையின்கீழ், கவிழ்த்த பானைகளைப் போன்ற செங்கற் சூளைகள் வரிசையாக நிற்கின்றன. ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புள்ள மாத்தாங் சதுப்புநிலக் காட்டில், முப்பதாண்டுச் சுழற்சி முறையில் வெட்டப்படும் பாக்காவ் மரங்கள் இங்குக் கரியாகின்றன. மரத்தை அடுக்கி, வாயிலில் தீயிட்டு, பின் வாயை அடைத்து ஆறவிடுவதற்குள் ஏறக்குறைய ஒரு மாதம் கழிந்துவிடும். புகையின் மணத்தையும் வெம்மையையும் கொண்டே கரியின் பதத்தைச் சூளைக்காரர் கணிக்கின்றனர். அந்த அறிவு எந்த நூலிலும் முழுமையாக எழுதப்பட்டதன்று.

அரும்பொருளகங்கள் சீரமைப்பிற்காகவோ விடுமுறைக்காகவோ மூடப்பட்டிருத்தல் கூடும். ஆதலின் புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டறிதல் நன்று. கோலா செபெத்தாங் செல்வோர், அவ்வூரே முன்னாளைய போர்ட் வெல்ட் என்பதை நினைவிற்கொள்க. தண்டவாளங்கள் அகற்றப்பட்டுவிட்டன. கடைகளுக்கு முன்னே பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழ் எழுத்துகளும் அதில் உள்ளன.