சூசன்னாவோட பிறந்த வீடு எது?

இன்னைக்கு ஒரு பெண்ணோட பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரைத் தேடின கதை.

1620-ல மேஃபிளவர் கப்பல்ல 102 பயணிகள் இங்கிலாந்துலேர்ந்து அமெரிக்கா போனாங்க. அதுல ஒருத்தர் சூசன்னா. கணவர் பேர் வில்லியம் வைட். கேப் காட் பக்கம் கப்பல் நங்கூரம் போட்டிருந்தப்போ, கப்பல்லயே அவங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். பேர் பெரெக்ரின். அந்தக் குளிர்காலத்துல கிட்டத்தட்ட பாதிப் பயணிகள் இறந்துட்டாங்க. வில்லியமும் போயிட்டார். மனைவியை இழந்திருந்த எட்வர்ட் வின்ஸ்லோவை, 1621 மே மாசம் சூசன்னா மறுமணம் செஞ்சுக்கிட்டாங்க. பிளைமவுத் குடியேற்றத்தோட முதல் கல்யாணம் அதுதான்.

இவ்வளவு தெரியுது. ஆனா அவங்க அப்பா யாரு?

அன்னைக்கு இருந்த ஆங்கிலேயச் சட்டப்படி, கல்யாணம் ஆனா மனைவிக்குத் தனிச் சட்ட அடையாளம் கிடையாது. ஆவணங்கள்ல "இன்னாரோட மனைவி", அவ்வளவுதான். விதவை மறுமணம் செஞ்சா, பதிவேட்டுல முதல் கணவரோட குடும்பப் பெயர் வரும். அதையே பிறந்த வீட்டுப் பேர்னு நம்பி ஏமாந்தவங்க நிறைய.

சூசன்னா விஷயத்துல வேற குழப்பம். ஹாலந்துல லைடன் நகரத்துல, 1612-ல ஆன் ஃபுல்லர்னு ஒருத்தங்க ஒரு வில்லியம் வைட்டைக் கல்யாணம் பண்ணின பதிவு இருக்கு. ஆன்னா சூசன்னாவோட சுருக்கமா இருக்கும்னு முடிவு கட்டி, "சூசன்னா ஃபுல்லர்"னு வம்ச வரலாறுகள்ல எழுதிட்டாங்க. ஆனா லைடன்ல அதே பேர்ல ஒண்ணுக்கு மேற்பட்ட வில்லியம் வைட் இருந்தாங்க!

உண்மையைக் காட்டினது ஒரு கடிதம். 1623-ல வின்ஸ்லோ, ராபர்ட் ஜாக்சன்ங்கிறவரை "மாமா"ன்னு கூப்பிட்டு எழுதியிருக்கார். வைட் இறந்ததையும், அவர் மனைவியைத் தான் கல்யாணம் பண்ணினதையும் மாமனாருக்கு ஏற்கெனவே எழுதினதா அதுல சொல்றார். அப்போ ராபர்ட், சூசன்னா பக்கத்து உறவு. இதை இங்கிலாந்து ஆவணங்களோட சேர்த்துப் படிச்ச ஆய்வாளர்கள், அவங்க ஸ்க்ரூபி ஊர் ரிச்சர்ட் ஜாக்சனோட மகள்னு 2017-ல வெளியிட்டாங்க. ஸ்க்ரூபியில மத விவகாரத்துல அபராதம் கட்டச் சொல்லப்பட்டவர்கள்ல அந்த ரிச்சர்டும் ஒருத்தர்.

இப்படித் தேடறவங்க எங்கே பார்க்கணும்? கல்யாணப் பதிவு இல்லைன்னா, பெண்ணைச் சுத்தியிருக்கிற ஆண்களோட காகிதங்கள்ல. அப்பாவோ சகோதரனோ எழுதின உயில்ல, மகள் கணவர் பேரோட வரலாம். மனைவிக்கு வந்த பிதுரார்ஜித நிலத்தைக் கணவன் மனைவி ரெண்டு பேரும் சேர்ந்து வித்த பத்திரம் இருக்கலாம். சாட்சிக் கையெழுத்து யாருதுன்னும் பாருங்க. குழந்தைங்க பேர் ஒரு குறிப்புதான், ஆதாரம் ஆகாது. மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏ தாய் வழியா மட்டுமே வரும். அதனால ரெண்டு பேர் ஒரே தாய்வழியா இருக்கலாம்னு அது காட்டும். குடும்பப் பேரைச் சொல்லாது.

இதே கப்பல்ல வந்த மேரி ப்ரூஸ்டருக்கு வென்ட்வொர்த்னு ஒரு பேர் இணையம் முழுக்கச் சுத்துது. அதுக்கு ஆதாரம் இல்லை. அந்த இடம் இன்னும் காலிதான். காலியா விட்டா யாராவது தேடுவாங்க. தப்பா ஒரு பேரை நிரப்பிட்டா, தேடறதையே நிறுத்திடுவாங்க. சூசன்னாவுக்கு நடந்தது அதுதான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.