கருந்துளையின் விதையைத் தேடியவர்

"டீச்சர், கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவது?"

வகுப்பில் கருந்துளை பற்றிப் பேச்சு வந்தபோது படிவம் நான்கு மாணவி ஒருத்தி கேட்டாள். உங்கள் பிள்ளைக்கும் இந்தச் சந்தேகம் இருக்கலாம். பதிலாக ஒருவரை அறிமுகப்படுத்துகிறேன்.

பிரியம்வதா நடராஜன் கோயம்புத்தூரில் பிறந்து டெல்லியில் வளர்ந்தவர். பள்ளி நாள்களிலேயே டெல்லியின் இரவு வானத்தை வரைந்து காட்டும் கணினி நிரலை எழுதினார். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இயற்பியலும் கணிதமும் படித்து, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். இன்று யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர்.

அவரை ஈர்த்த புதிர் இதுதான். பிரபஞ்சம் தோன்றி 1,380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன் குழந்தைப் பருவத்திலேயே ராட்சசக் கருந்துளைகள் இருந்திருக்கின்றன. அவ்வளவு சீக்கிரம் எப்படி வளர்ந்தன?

தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களுக்கு இது எளிதில் புரியும். மங்கில் பால் சொட்டுச் சொட்டாகத்தான் சேரும். சீவிய சற்று நேரத்திலேயே மங்கு நிரம்பியிருந்தால், அதில் முன்பே பால் இருந்திருக்க வேண்டும். கருந்துளையும் அப்படித்தான். உள்ளே விழும் வாயு சூடேறி ஒளிர்கிறது. அந்த ஒளியே பின்னால் வரும் வாயுவைத் தள்ளுகிறது. ஆகவே விழுங்கும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு.

அப்படியானால், விதையே பெரிதாக இருந்திருக்குமோ? நட்சத்திரமாகாமல், மாபெரும் வாயுத்திரள் நேரடியாகச் சரிந்தே கருந்துளை ஆகியிருக்கலாம் என்று 2006இல் பிரியம்வதாவும் சக ஆய்வாளர்களும் கணக்கிட்டுக் காட்டினர். தாளில் இருந்த கணக்குக்கு வானத்தில் சாட்சி கிடைக்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

2023 நவம்பரில் அது கிடைத்தது. ஜேம்ஸ் வெப், சந்திரா ஆகிய இரு விண்வெளித் தொலைநோக்கிகளும் சேர்ந்து யு.எச்.இசட்.1 என்னும் விண்மீன் மண்டலத்தில் ஒரு கருந்துளையைக் காட்டின. பிரபஞ்சத்துக்கு அப்போது வயது 47 கோடி ஆண்டுகள் மட்டுமே. கருந்துளையின் எடையோ 1 கோடி முதல் 10 கோடி சூரியன்கள்! அதாவது, அந்த மண்டலத்தின் மொத்த நட்சத்திரங்களுக்கு ஏறக்குறைய ஈடு. பெரிய விதையிலிருந்து வளர்ந்தால் இப்படித்தான் இருக்கும் என்று அவர் குழு முன்பே சொல்லியிருந்தது. இது வலுவான சான்று. விவாதம் இன்னும் முடியவில்லை.

சந்திரா என்ற பெயர், நோபல் பரிசு பெற்ற நம் சுப்பிரமணியன் சந்திரசேகரைக் குறிப்பது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த மாணவியிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இந்த வேலைக்குத் தேவை கணிதம், இயற்பியல், நிரலாக்கம், பொறுமை. கஷ்டம் என்று யாரோ சொன்னதற்காக இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் படிவம் நான்கிலேயே கைவிட்டுவிடாதீர்கள். விண்ணியலுக்கே போகாவிட்டாலும், அந்தத் திறன்களுக்கு எங்கும் வேலை உண்டு.

மறுவாரம் அவள் இன்னொரு கேள்வியோடு வந்தாள்: "டீச்சர், அந்த வாயுத்திரள் ஏன் நட்சத்திரமாகவில்லை?"

எனக்கு அதுவே போதும்.