குடிசையிலும் குணமாகும், ஆனால் கூலி வேண்டும்!

1956ஆம் ஆண்டில் தமிழகத்தில் இரு பணிகள் தொடங்கின. ஒன்று, நெய்வேலி மண்ணுக்கடியில் கிடந்த பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்கும் நிறுவனம். மற்றொன்று, சென்னை சேத்துப்பட்டில் காசநோய்க்கு வழிகாண எழுந்த ஆராய்ச்சி நிலையம். முன்னதை நாடறியும். பின்னது உழைப்பாளிக்குச் செய்த பேருதவியைத் தோழர்கள் பலர் அறியார்.

அந்நாளில் எலும்புருக்கி என்றாலே குடும்பம் நடுங்கும். சானட்டோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். நல்ல காற்றும் சத்துணவும் முழு ஓய்வும் வேண்டும் என்றார்கள் வைத்தியர்கள். தாம்பரத்தை அடுத்த சானட்டோரியம் ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் அக்காலத்தை நினைவூட்டும். வசதி படைத்தவன் போய்ப் படுத்தான். கூலிக்காரனுக்கோ, "தலைவிதி" என்ற ஒரு சொல்தான் மிச்சம்!

அந்தத் தலைவிதியைச் சேத்துப்பட்டு நிலையம் பரிசோதனைக்கு உள்ளாக்கியது. 193 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் சானட்டோரியம் சென்றனர். மறு பிரிவினர் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தோர் உண்டது குறைவு, உழைத்தது அதிகம். எனினும், ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே குணமடைந்தனர். அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோருக்கும் அதனால் நோய் அதிகம் பரவவில்லை. உலகமே தன் வைத்திய முறையை மாற்றிக்கொண்டது.

"அப்படியானால் சோறு எதற்கு?" என்று காண்டிராக்டர் கேட்கக்கூடும். அதற்கும் விடை வந்துவிட்டது. ஜார்க்கண்டில் நடந்த ஆய்வொன்று 2023இல் வெளியாயிற்று. காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தனர். கொடுக்கப்படாத வீட்டாரைக் காட்டிலும் அவர்களிடையே புதிதாக நோய் கண்டது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளியை மருந்து காக்கிறது. அவன் மனைவி மக்களைச் சோறு காக்கிறது. சோறோ கூலியிலிருந்து வருகிறது!

நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடப்பது மணற்பாறை. மணற்பாறைத் தூசியில் சிலிகா உண்டு. சிலிகா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் குடிபுகும் என்பது மருத்துவம் நிலைநாட்டிய உண்மை. நிரந்தரத் தொழிலாளியா, ஒப்பந்தத் தொழிலாளியா என்று தூசி பார்ப்பதில்லை. ஆனால், இருமல் கண்டதும் அதை மறைப்பவன் ஒப்பந்தத் தொழிலாளியே. நோய்க்கு அஞ்சுவதைவிட வேலை போய்விடுமே என்று அவன் அஞ்சுகிறான்.

காசநோய் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். சத்துணவுக்கென அரசு தரும் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய். போகும் கூலிக்கு அது ஈடாகுமா?

ஆகவே நாம் கேட்கிறோம்: சுரங்கத்தில் உழைக்கும் ஒவ்வொருவருக்கும், காண்டிராக்ட் ஆள் உட்பட, ஆண்டுதோறும் நெஞ்சுப் பரிசோதனை வேண்டும். நோயுற்றவன் தேறும்வரை கூலியும், தேறியபின் அதே வேலையும் வேண்டும். வீட்டாருக்கு உணவுப்பொருள் வேண்டும்.

கிளைத் தோழர்களே! இரண்டு வாரத்துக்குமேல் இருமுபவரைக் கண்டால் ஒதுக்காதீர். கைப்பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். விதியை விஞ்ஞானம் வென்றுவிட்டது. வேலை போகும் என்ற அச்சத்தைச் சங்கம் வெல்லட்டும்!