சிறகு உள்ள விதை

காஷ்மீருக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு பெரிய மரத்தைப் பார்ப்பார்கள். அதன் இலை ஆமணக்கு இலை போல இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மரம் முழுவதும் சிவந்துவிடும். "இதுதான் மேப்பிள் மரம்" என்று பலர் சொல்வார்கள். அது மேப்பிள் அல்ல. அதன் பெயர் சினார்.

கனடா நாட்டுக் கொடியில் ஒரு சிவப்பு இலை உண்டு. 1965 முதல் அந்தக் கொடி பறக்கிறது. அந்த இலைதான் மேப்பிள் இலை. மேப்பிளில் நூற்றுக்கு மேல் வகைகள் உள்ளன. அழகுக்காகத் தோட்டத்தில் வைப்பது பெரும்பாலும் ஜப்பான் மேப்பிள். இது சிறிய மரம். மெதுவாக வளரும். தொட்டியிலும் வளர்க்கலாம். ஜப்பான், கொரியா காடுகளில் தானாகவே முளைக்கிறது.

இதன் இலை சிறியது. மரவள்ளி இலை போல ஐந்து அல்லது ஏழு விரலாகப் பிரிந்திருக்கும். ஜப்பானியர் மேப்பிளைக் 'கயெதே' என்கிறார்கள். 'தவளையின் கை' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தவளையை உற்றுப் பார்த்தவர்தான் இந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்!

ஆனால் இலையின் வடிவத்தை மட்டும் நம்பக் கூடாது. இமயமலையில் ஒரு மேப்பிள் வளர்கிறது. அதன் இலையில் விரல்களே கிடையாது. நீள்வட்டமாக இருக்கும். அதுவும் மேப்பிள்தான்.

பிறகு எப்படி அடையாளம் காண்பது? கிளையைப் பார்க்க வேண்டும். மேப்பிள் இலைகள் எருக்கு இலை போல எதிரெதிராக, ஜோடியாக இருக்கும். சினார் இலைகள் செம்பருத்தி இலை போல மாறி மாறி இருக்கும். காயைப் பார்த்தால் சந்தேகமே வராது. மேப்பிளில் இரண்டு விதைகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறகு உண்டு. விதை கீழே விழும்போது காற்றாடி போலச் சுழலும். காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். சினார் காயோ உருண்டையாகத் தொங்கும்.

ஜப்பான் மேப்பிளுக்குக் குளிர்காலம் வேண்டும். குளிரில்தான் அது ஓய்வு எடுக்கும். சமவெளியின் வெயில் அதற்கு ஆகாது. சென்னையிலோ நாக்பூரிலோ மாடியில் வைத்தால் பணம் வீண். குளிரான மலை ஊர்களில் வைக்கலாம். அங்கும் பிற்பகல் வெயில் பட்டால் இலையின் ஓரம் கருகும். மண் காயக் கூடாது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

விதை போட்டால் உடனே முளைக்காது. ஈர மணலில் சுமார் மூன்று மாதம் குளிரில் இருக்க வேண்டும். முளைத்த செடியும் தாய் மரம் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் நர்சரிகளில் ஒட்டுக்கட்டி விற்கிறார்கள். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் கிள்ளிவிட வேண்டும். விட்டால் அது வேகமாக வளர்ந்து மேலே உள்ள நல்ல கிளையை அமுக்கிவிடும்.

மார்கழி, தையில் மரம் மொட்டையாக நிற்கும். பட்டுப்போனது என்று நினைத்துச் சிலர் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். பட்டையை நகத்தால் லேசாகக் கீற வேண்டும். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. அப்போதும் அடையாளம் பார்க்கலாம். மேப்பிள் கிளையில் மொட்டுகள் ஜோடி ஜோடியாக இருக்கும். சினாரில் ஒவ்வொன்றாகத்தான் இருக்கும்.