பத்துப் பெண்கள் சேர்ந்து பாடினால்

ஜவ்வாது மலையில் ஊர்த் திருவிழா நடக்கும் இரவில் இரண்டு வகைப் பெண்குரல்களைக் கேட்கலாம். ஒன்று, கூம்பு ஒலிபெருக்கியில் வரும் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. மற்றொன்று, கோவில் வாசலில் வட்டமாக நின்று கும்மியடிக்கும் பெண்களின் பாட்டு. ஒலிபெருக்கியின் சத்தம் பல மடங்கு பெரியது. ஆனாலும் கும்மி தொடங்கிவிட்டால் கூட்டம் அந்தப் பக்கம்தான் நகரும். பாடுபவர்கள் சங்கீதம் கற்றவர்கள் அல்லர். மைக் கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. ஒருவர் பாட்டெடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். இருந்தும் அந்தக் குரல்கள் ஒன்றுசேரும் கணத்தில் கேட்பவரின் கால் தானாகத் தாளம் போடுகிறது.

தமிழ்ப் படங்களின் ஆட்டப் பாடல்களில் பெண்களின் கோரஸ் இந்த வேலையைத்தான் செய்கிறது. கடல் கடந்து போனால், அமெரிக்கப் பெண் பாட்டுக் குழுக்களின் நடனப் பாடல்களும் இதையே செய்கின்றன. இந்த மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே இயற்பியல். அது கண்ணுக்குத் தெரியாது. கணக்கில் மிக அழகாகத் தெரியும்.

சத்தம் கூடுவதால் அல்ல

பலர் பாடினால் சத்தம் பெரிதாகும், அதனால் பாட்டு பெரிதாகத் தோன்றும் என்பதே முதலில் தோன்றும் விளக்கம். அந்த விளக்கம் போதாது. ஒரு பெண் பாடும்போது ஓரிடத்தில் 70 டெசிபல் அளவுக்கு ஒலி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வலுவோடு 10 பெண்கள் பாடினால் அங்கே கேட்பது 80 டெசிபல். ஒலியின் ஆற்றல் 10 மடங்கு கூடினால் டெசிபல் கணக்கில் 10 மட்டுமே கூடும். நம் செவி உணர்வும் ஏறக்குறைய அப்படித்தான்: 10 டெசிபல் கூடும்போது சத்தம் சுமார் இரு மடங்கானதாக மட்டுமே உணர்கிறோம். ஒருவர் கொஞ்சம் எக்கிப் பாடினாலே அந்த அளவை எட்டிவிடலாம்.

ஆனால் ஒருவர் எக்கிப் பாடுவதைப் பத்துப் பேர் பாடுவதாக யாரும் தவறாக எண்ணுவதில்லை. சுவருக்கு அப்பாலிருந்து கேட்டாலும் கூட்டுக்குரல் எது, தனிக்குரல் எது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். எனவே சத்தத்தைத் தவிர வேறு ஏதோ ஒன்று அந்த ஒலிக்குள் சேர்ந்திருக்கிறது.

விம்மல்களின் கூட்டம்

பெரும்பாலான பெண்களின் குரல்நாண்கள் ஆண்களுடையவற்றைவிடக் குட்டையானவை, மெல்லியவை. பேசும்போது ஆண்குரல் நொடிக்குச் சுமார் 120 முறை அதிர்கிறது, பெண்குரல் சுமார் 200 முறை. பாடும்போது பெண்குரல் 400ஐ எளிதில் தொடும்.

இருவர் ஒரே சுரத்தைப் பாடுகிறார்கள். ஒருத்தியின் குரல் 400 ஹெர்ட்ஸில் நிற்கிறது, அடுத்தவளின் குரல் 403இல். ஓர் அரைச்சுர இடைவெளியில் இந்த வேறுபாடு எட்டில் ஒரு பங்கே. யாரும் அதை அபசுரம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் காற்றில் அந்த இரண்டு அலைகளும் ஒரு கணம் சேர்ந்து பெருகும், மறுகணம் எதிர்த்துத் தேயும். நொடிக்கு 3 முறை ஒலி எழுந்து தாழும். பள்ளி இயற்பியல் பாடத்தில் விம்மல் என்று படித்தோமே, அதுதான் இது.

எந்தக் குரலும் ஒற்றை அதிர்வு கிடையாது. 400 ஹெர்ட்ஸ் குரலுக்குள் 800, 1200, 1600, 2000 என்று மேற்சுரங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அடிச்சுரத்தில் 3 ஆக இருந்த வேறுபாடு இரண்டாம் படியில் 6 ஆகிறது, ஐந்தாம் படியில் 15 ஆகிறது. ஒவ்வொரு படியும் தன் வேகத்தில் விம்முகிறது. இது இரண்டே குரல்களின் கணக்கு. 10 குரல்கள் என்றால் 45 இணைகள். ஒவ்வோர் இணைக்கும் தனித்தனி வேறுபாடு, ஒவ்வொரு மேற்சுரத்திலும் தனித்தனி வேகம். அதோடு எந்தக் குரலும் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதில்லை. இத்தனை விம்மல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது எதையும் எண்ண முடியாமல் போகிறது. வெயில் பட்ட ஏரிநீர்போல் ஒலி முழுவதும் மினுங்குகிறது.

அந்த மினுக்கத்தைத்தான் காது கூட்டம் என்று படிக்கிறது. நம் காதுக்குழல் சுமார் இரண்டரை செண்டிமீட்டர் நீளம் உள்ளது. அதன் ஒத்ததிர்வால் 3000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் காது மிகக் கூர்மையாக இருக்கும். பெண்குரல்களின் மேற்சுரங்கள், வேகமான விம்மல்களோடு, வந்து விழுவதும் அதே இடத்தில்தான்.

பாடகர் குழுக்களை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், நன்றாகப் பாடும் குழுவிலும் குரல்களுக்கிடையே இப்படிப்பட்ட சிறு விலகல் எப்போதும் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். விலகல் மிகுந்தால் அது கூச்சல். அறவே இல்லாவிட்டால் கூட்டமே இல்லை. ஒரு குறுகிய எல்லைக்குள் எல்லோரும் சற்றே வேறுபட்டு நிற்பதுதான் கூட்டுக்குரலின் உயிர்.

நம் இசையில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மேலைநாட்டுக் குழுப்பாடலில் பெரும்பாலும் ஒவ்வொரு பிரிவினரும் வெவ்வேறு சுரத்தைப் பாடி, அவை பொருந்துவதிலிருந்து செழுமை பிறக்கிறது. கும்மியில் எல்லோரும் ஒரே சுரத்தைப் பாடுகிறார்கள். செழுமை முழுவதும் அந்தச் சிறு விலகல்களிலிருந்துதான் வரவேண்டும், வருகிறது.

உடன்பிறந்த குரல்கள்

குரல்நாண் எழுப்பும் ஒலி தொண்டை, வாய், மூக்கு அறைகள் வழியே வெளியே வருகிறது. அந்த அறைகளின் வடிவம் சில மேற்சுரங்களைத் தூக்கிக் கொடுக்கும், சிலவற்றை அமுக்கும். ஒருவரின் குரலுக்கு அடையாளம் அங்கேதான் உருவாகிறது. உடன்பிறந்தவர்களுக்கு அந்த அறைகளின் வடிவம் பெரும்பாலும் ஒத்திருக்கும். ஒரே வீட்டில் ஒரே பேச்சைக் கேட்டு வளர்ந்ததால் உயிரெழுத்துகளைத் திறக்கும் விதமும் ஒத்திருக்கும். அவர்கள் சேர்ந்து பாடினால் இழைகள் தெரியாத நெருக்கம் கிடைக்கிறது.

கந்த சஷ்டி கவசம் கேட்டு விழித்த தமிழ்க் காதுகளுக்கு இது புதிதல்ல. சூலமங்கலம் சகோதரிகள் ஜெயலட்சுமி, ராஜலட்சுமி இருவரும் ஒரே சுரத்தில் பாடிய அந்தப் பதிவில், இரண்டு பேர் என்பது தெரிகிறது. யார் எவர் என்று பிரிக்கத் தோன்றுவதில்லை. 1972இல் வந்த 'தெய்வம்' படத்திலும் அந்தக் கூட்டுக்குரல் ஒலித்தது.

கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஒரு மதபோதகரின் வீட்டில் பிறந்து, தேவாலயத்தில் பாடி வளர்ந்த பாயின்டர் சகோதரிகள் இதே உறவின் வேறொரு பலனைக் காட்டினார்கள். ரூத், அனிதா, போனி, ஜூன் என்று நால்வராகப் பாடி, போனி விலகிய பிறகு மூவராகத் தொடர்ந்தார்கள். 1983இல் வெளியான 'பிரேக் அவுட்' தொகுப்பின் பாடல்கள் நடன அரங்குகளை ஆண்டன. அதிலிருந்த 'ஜம்ப்', 'ஆட்டோமேட்டிக்' என்ற இரு பாடல்களுக்கும் கிராமி விருது கிடைத்தது. இரண்டாவதற்குக் கிடைத்தது குரல் அமைப்புக்கான விருது. அதே தொகுப்பின் 'நியூட்ரான் டான்ஸ்', 1984இல் வந்த 'பெவர்லி ஹில்ஸ் காப்' படத்தில் லாரியைத் துரத்தும் காட்சியில் ஒலித்து உலகம் சுற்றியது. அந்தப் படத்தின் இசைத்தொகுப்பும் கிராமி பெற்றது.

ரூத்தின் குரல் ஆண்குரலோ என்று ஐயுறும் அளவுக்குத் தாழ இறங்கக்கூடியது. தங்கைகளின் குரல்கள் மேலே நிற்கும். சுரங்கள் விலகியிருந்தாலும் உச்சரிப்பும் குரலின் நிறமும் ஒன்றாக இருப்பதால், மூன்று பேரும் ஒரே பெரிய குரலின் மூன்று தளங்களாகக் கேட்கிறார்கள். தாளம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்தக் குரல் கலைவதில்லை.

மைக்குக்குத் தள்ளி நின்றவர்கள்

மலையில் ஒலிபெருக்கிக்குள்ளிருந்து பாடும் எல்.ஆர். ஈஸ்வரியும் கோரஸிலிருந்து வந்தவர்தான். அவருடைய தாயார் நிர்மலா திரைப்படங்களில் கோரஸ் பாடியவர். தாயோடு ஒலிப்பதிவுக்குப் போன மகள் தானும் கோரஸில் நின்றார். 1961இல் 'பாசமலர்' படத்தில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் அவர் பாடிய 'வாராய் என் தோழி' அவரை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. கல்யாணப் பெண்ணைத் தோழிகள் சூழ்ந்து பாடும் அந்தப் பாட்டில் முன்குரல் ஈஸ்வரி. பின்னால் பெண்களின் கூட்டம். கோரஸ் பாடியே பழகிய ஒருவர் கோரஸுக்கு முன்னால் நின்று பாடினால் எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. பிற்காலத்தில் தமிழ்த் திரையின் ஆட்டப் பாடல்களில் அவர் தொட்ட உயரத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

அந்தக் காலத்தில் பாடகியும் கோரஸும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில், ஒரே டேக்கில் பாடி வாசித்துப் பதிவானார்கள். கோரஸ் பெண்கள் மைக்கிலிருந்து தள்ளி நிற்பார்கள். அதனால் அவர்கள் குரல் கூடத்தின் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியோடு கலந்தே பதிவாகும். திரும்பிவரும் ஒவ்வோர் ஒலியும் சிறு தாமதத்தோடு வருவதால் ஆறு பேர் அறுபது பேராகத் தோன்றும்.

கோரஸ் வரிகள் பெரும்பாலும் தந்தானே, ஏலேலோ, ஹம்மிங் என்று இருப்பதற்கும் காரணம் உண்டு. க, ச, ட, த, ப போன்ற மெய்யொலிகள் மிகக் குறுகியவை. பத்துப் பேர் அவற்றை ஒரே கணத்தில் உச்சரிக்க முடியாது. சற்று முன்பின் ஆனாலும் சொல் குழம்பும். நீண்ட உயிரொலிகளில் அந்தச் சிக்கல் இல்லை. ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் 'ஆ' என்பதில் எல்லோரும் சந்தித்துவிடுவார்கள். கும்மி பாடும் பெண்களும் வயலில் நடவுப் பாட்டுப் பாடியவர்களும் இதை அனுபவத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். கதையைப் பாட்டெடுப்பவர் சொல்வார். கூட்டம் உயிரொலியைப் பிடித்துக்கொள்ளும்.

வட்டத்தின் அளவு

கும்மியில் பாட்டுக்குச் சமமானது கைத்தட்டல். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். 10 பெண்கள் நிற்கும் கும்மி வட்டத்தின் குறுக்களவு 4 மீட்டர் என்று கொள்வோம். எதிரே நிற்பவரின் கைத்தட்டல் நம்மை வந்தடைய 11 அல்லது 12 மில்லிநொடி ஆகும்.

2004இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவரைத் தனித்தனி அறைகளில் நிறுத்தி, ஒருவர் கைத்தட்டலை மற்றவர் காதுக்குச் சிறு தாமதத்தோடு அனுப்பிப் பார்த்தார்கள். தாமதம் மிகுந்தால் இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்துத் தாளத்தை இழுத்தடித்தார்கள். மிகக் குறைந்தால் ஓட ஆரம்பித்தார்கள். வேகம் நிலையாக நின்றது 11.5 மில்லிநொடிக்கு அருகில். கும்மி வட்டத்தின் அகலத்தை யாரும் கடிகாரம் வைத்து முடிவு செய்யவில்லை. கைவீசி, குனிந்து நிமிர்ந்து ஆட இடம் வேண்டும் என்ற தேவையே அதை முடிவு செய்தது. ஆனாலும் தாளம் தள்ளாடாமல் நிற்கும் தூரத்துக்கு அது இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பது வியக்க வைக்கிறது.

தாளத்தைச் சும்மா உட்கார்ந்து கேட்டாலும் மூளையில் உடலை அசைக்கும் பகுதிகள் விழித்துக்கொள்வதை மூளையைப் படமெடுக்கும் கருவிகள் காட்டுகின்றன. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், பிரேசில் நாட்டு மாணவர்கள் ஒரே அசைவை ஒரே நேரத்தில் ஆடியபோது, அவர்களின் வலி தாங்கும் திறன் கூடியது. உடன் ஆடியவர்களோடு நெருக்கமும் கூடியது. சாமை அறுத்து, விறகு சுமந்து களைத்த பெண்கள் இரவில் வெகுநேரம் கும்மியடிக்க முடிவதில் இதற்கும் பங்கு இருக்கவேண்டும்.

மலை இரவும் தன் பங்கைத் தருகிறது. காற்று ஒவ்வொரு பாகை சூடேறும்போதும் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். தெளிந்த இரவில் பள்ளத்தாக்கின் தரைக்காற்று குளிர்ந்துவிடும். மேலே சற்று வெதுவெதுப்பான காற்று நிற்கும். மேலே எழும் ஒலி அங்கே விரைந்து, கீழ்நோக்கி வளையும். பகலில் வானத்துக்குப் போய்த் தொலையும் பாட்டு இரவில் அடுத்த ஊரில் இறங்குகிறது. வழியில் 8000 ஹெர்ட்ஸ் போன்ற உயர் ஒலிகளைக் காற்று வெகுவாக உறிஞ்சிவிடும். 250 ஹெர்ட்ஸ் ஒலியோ ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு டெசிபலே இழக்கும். அதனால் தூரத்திலிருந்து சொல் கேட்பதில்லை, பாட்டு கேட்கிறது.

பிரதி எடுக்க முடியாதது

இன்று ஒரு குரலைக் கணினியில் பத்துப் பிரதி எடுத்து அடுக்குவது ஒரு நொடி வேலை. என்ன நடக்கும் என்று கணக்குப் பார்க்கலாம். பத்துப் பிரதிகளும் அச்சு அசலாகப் பொருந்துவதால் ஒலி 10 டெசிபல் அல்ல, 20 டெசிபல் கூடும். பத்துப் பெண்கள் தருவதைவிடப் பெரிய சத்தம். ஆனால் அதில் ஒரு விம்மல்கூடக் கிடையாது. எவ்வளவு சத்தமாக ஒலித்தாலும் அது ஒருவர் பாடுவதுதான். அந்தக் குறையை மறைக்கப் பொறியாளர்கள் பிரதிகளின் சுருதியையும் நேரத்தையும் செயற்கையாகச் சற்றே குலைக்கிறார்கள். 1970களிலிருந்து கோரஸ் என்ற பெயரிலேயே அதற்குத் தனிக்கருவிகள் விற்கின்றன. மனிதர் சேரும்போது தானாக வருவதைத்தான் இயந்திரம் பாடுபட்டு வரவழைக்கிறது.

இன்னொரு பக்கம், உண்மையாகவே பலர் பாடிய பதிவிலும் ஒவ்வொரு குரலையும் கணினியால் துல்லியச் சுருதிக்கு இழுத்து நிறுத்தும் வழக்கம் பரவியிருக்கிறது. அப்படிச் செய்தால் பத்துப் பேரை வரவழைத்து ஒருவராக்கியதே மிச்சம்.

இயற்பியல் சொல்வது தெளிவானது. கூட்டத்தில் கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு பெண்ணும் தனக்கு முன்னால் இருந்த ஒவ்வொருவரோடும் ஒரு புதிய இணையை உண்டாக்குகிறாள். பத்தாவது பெண் கொண்டுவருவது 9 புதிய இணைகள். அவளை எடுத்துவிட்டு இன்னொருத்தியின் பிரதியை வைத்தால் அந்த ஒன்பதும் போய்விடும். ஆகவே பாடல் பட்டியலில் கோரஸ் பாடியவர்களைக் 'குழுவினர்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது, பாட்டின் ஒரு பெரும்பகுதி எதனால் ஆனது என்பதையே மறைப்பதாகும். அவர்களின் பெயர்கள் பாடகி பெயருக்குக் கீழே முழுதாக வரவேண்டும்.

ஜவ்வாது மலையின் கும்மிப் பாட்டைப் பதிவு செய்யப் போகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள். பாட்டெடுப்பவர் முன்னால் மட்டும் மைக்கை வைக்காதீர்கள். வட்டத்தைக் கலைத்து வரிசையில் நிற்கச் சொல்லாதீர்கள். பிறகு உட்கார்ந்து சுருதியைத் திருத்தாதீர்கள். நீங்கள் பிழை என்று நினைத்து நீக்கும் அந்த மூன்று ஹெர்ட்ஸில்தான் பாட்டு இருக்கிறது.