சாமான் லாரியிலேயே குதிரையையும் ஏத்திடலாமா? 1,400 கி.மீ. வீடு மாறும்போது கவனிக்க வேண்டியது என்ன?

2022 ஏப்ரல் மாதம். மேற்கு வங்கத்தில் சியால்டா - டயமண்ட் ஹார்பர் லோக்கல் ரயில். கால் வைக்க இடமில்லாத கூட்டத்துக்கு நடுவே ஒரு குதிரை நிக்குது! அந்தப் போட்டோ நாடு முழுக்க வைரலாச்சு. பந்தயம் முடிஞ்சு குதிரையை ஊருக்குக் கூட்டிட்டுப் போன உரிமையாளரை ரயில்வே பாதுகாப்புப் படை கைது செய்தது. பார்த்தவங்க எல்லாரும் சிரிச்சோம். ஆனா அவரோட பிரச்சினை நிஜமானது. குதிரையை ஊர் விட்டு ஊர் எப்படித்தான் கொண்டு போறது?

குதிரை வண்டிப் பந்தயம் நடக்கும் நம்ம தென்மாவட்டங்களுக்கும் இது புதுக் கேள்வி இல்லை. ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். புனேவில் பல வருஷம் இருந்த ஒரு குடும்பம், வீட்டைக் காலி பண்ணிட்டு சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்கே திரும்புது. பீரோ, கட்டில், பாத்திரம், பிள்ளைகளோட சைக்கிள்... கூடவே இரண்டு குதிரைகள். தூரம் சுமார் 1,400 கி.மீ.

பெரிய லாரியா ஒண்ணு பிடிச்சு, முன்னாடி சாமான், பின்னாடி குதிரைன்னு ஏத்திடலாம்னுதான் முதலில் தோணும். வாடகை மிச்சம். ஆனா அது முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 125-இ பிரிவுப்படி, கால்நடை ஏற்றும் வண்டியில் வேறு சரக்கு எதுவும் ஏற்றக்கூடாது. ஒவ்வொரு குதிரைக்கும் 2.25 சதுர மீட்டர் இடம் தடுப்பு வச்சுப் பிரிச்சிருக்கணும். காரணம் எளிமையானது. சடன் பிரேக் போட்டா பீரோ சரியும், குதிரை மிரளும். 400 கிலோ எடையுள்ள மிருகம் லாரிக்குள்ள மிரண்டா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. ஆக, வண்டி இரண்டு. செலவும் இரண்டு.

ஜபல்பூரில் நடந்தது என்ன?

இதையெல்லாம் ஏன் இவ்வளவு கவனமாப் பார்க்கணும்? 2025 ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும், அதாவது கோடை உச்சத்தில், ஹைதராபாத்தில் இருந்து மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூருக்கு 57 குதிரைகள் சாலை வழியாகக் கொண்டு செல்லப்பட்டன. மே மாத நடுவிலேயே 8 குதிரைகள் இறந்துபோயின. பலி எண்ணிக்கை அதோட நிக்கவில்லை. ரத்த மாதிரிகள் ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்துக்குப் போச்சு, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போச்சு. நம்ம உதாரணக் குடும்பம் போகும் தூரம் இதைவிட அதிகம்.

மணிக்கு 35 கி.மீ.தான்!

குதிரை, கோவேறு கழுதை, கழுதைகளைக் கொண்டு செல்வதற்கு என்றே 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளில் தனி அத்தியாயம் இருக்கு. படிச்சா ஆச்சரியமா இருக்கும், அவ்வளவு நுணுக்கம்.

ஒரு லாரியில் நாலு முதல் ஆறு குதிரைக்கு மேல் கூடாது. தரையில் வழுக்காத விரிப்பு வேணும். ஒவ்வொரு குதிரைக்கும் நடுவில் குறைந்தது 8 செ.மீ. விட்டமுள்ள மூங்கில் கழி, பின்பக்கம் விழாமல் தாங்க இரண்டு உறுதியான கட்டைகள். குதிரையின் தலை இடது பக்கம் பார்த்து இருக்கணும். ஏன் இடது? நம்ம நாட்டில் எதிரே வரும் வண்டியும், முந்திப் போகும் வண்டியும் வலது பக்கம்தான். ஹெட்லைட்டும் ஏர் ஹாரனும் முகத்துக்கு நேரா வந்தா குதிரை மிரளும்.

கூடவே ஒரு பராமரிப்பாளர் போகணும். வேகம் மணிக்கு 35 கி.மீ.க்கு மிகக் கூடாது. நாலுவழிச் சாலையில் 35-ல் போனா பின்னாடி வர்ற டிரைவர் எல்லாம் என்ன சொல்வாங்கன்னு தெரியும். ஆனா வளைவிலும் பிரேக்கிலும் நாலு காலில் நின்னு பேலன்ஸ் பண்ணிக்கிட்டே வர்றது குதிரை. நாம சீட்டில் சாய்ஞ்சு தூங்கற மாதிரி அதுக்கு வசதி கிடையாது.

இப்போ கணக்குப் போடுங்க. 1,400-ஐ 35-ஆல் வகுத்தா 40 மணி நேரம். இது சக்கரம் உருளும் நேரம் மட்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் ஓட்டினா, முதல் ராத்திரி பெலகாவி, அடுத்து சித்ரதுர்கா, அப்புறம் கிருஷ்ணகிரி, திண்டுக்கல். ஐந்தாம் நாள் மதுரை, ராஜபாளையம் தாண்டி சங்கரன்கோவில். நாலு ராத்திரியும் குதிரையை இறக்கி நிக்க வைக்க இடம் வேணும். லாட்ஜில் குதிரைக்கு ரூம் கிடைக்காது! வழியில் தெரிஞ்சவங்க தோட்டமோ லாயமோ இருக்கான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே பேசி வச்சிடுங்க. ஏத்தி இறக்க சாய்தளமும் தேவை. இல்லாத இடத்தில் மண்மேடு பார்த்து வண்டியை ஒட்டி நிறுத்துவாங்க.

உயிரைப் பறிக்கும் இரண்டு விஷயங்கள்

முதல் எதிரி, தண்ணீர் குடிக்காதது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது குடல் வழியாத்தான் வெளியே வரணும். உடம்பில் நீர் குறைஞ்சா சாணம் இறுகி, குடல் அடைச்சு, கடுமையான வயிற்றுவலி வரும். கவனிக்காம விட்டா உயிரே போயிடும். ஒரு குதிரை நாளுக்கு 25 லிட்டருக்கு மேல் குடிக்கும், வெயிலில் இன்னும் அதிகம். பிரச்சினை என்னன்னா, புது ஊர்த் தண்ணியை மோந்து பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கும். கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தண்ணியில் கொஞ்சம் வெல்லம் கலந்து பழக்கிட்டா, வழியில் எந்த ஊர்த் தண்ணியிலும் அதே ருசியைக் கொண்டு வரலாம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்திக் காட்டுங்க.

இரண்டாவது, தலையை உயர்த்திக் கட்டுறது. குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியேறும். மணிக்கணக்கில் தலை தூக்கியே இருந்தா அது நுரையீரலுக்குள் இறங்கும். காய்ச்சல், நிமோனியா. கயிறு சிக்காத அளவுக்குத் தளர்வா இருக்கட்டும். நிறுத்தும் இடத்தில் புல்லைத் தரையில் போட்டுக் கொடுங்க.

தீவனத்தையும் திடீர்னு மாத்தாதீங்க. பழைய புல், கொள்ளு, தவிடு இரண்டு வாரத்துக்கு மூட்டை கட்டி சாமான் லாரியில் அனுப்பி, ஊர்த் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் கலங்க. இந்தத் தப்புக்கு நம்ம பக்கத்திலேயே 700 வருஷப் பழைய சாட்சி இருக்கு. அரபு நாட்டுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கிய காயல் துறைமுகம், சங்கரன்கோவிலில் இருந்து இரண்டு மூணு மணி நேரத் தூரத்தில், தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்கோ போலோ, பாண்டிய மன்னர் வருஷத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவதாகவும், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது என்றும் எழுதியிருக்கார். அவர் சொல்லும் காரணம், பராமரிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லை, சோறும் இறைச்சியும் வேகவச்சுப் போட்டாங்க. வைத்தியம் தெரிஞ்சவங்க இங்கே வராம வியாபாரிகளே பார்த்துக்கிட்டாங்களாம். குதிரை செத்தாத்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்!

என்னென்ன பேப்பர் வேணும்?

குதிரை பயணத்துக்குத் தகுதியா இருக்கு, தொற்றுநோய் இல்லை என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றிதழ் கட்டாயம். அது இல்லாட்டி வண்டிக்காரர் குதிரையை ஏத்தவே கூடாது என்கிறது விதி. அனுப்புபவர், பெறுபவர் பெயர், முகவரி, போன் நம்பர், எத்தனை குதிரை, என்ன தீவனம் என்பதைச் சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டணும். நொண்டும் குதிரை, நோயுள்ள குதிரை, குட்டி போட்டு 72 மணி நேரம் ஆகாத குதிரையை ஏத்தக்கூடாது.

கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனையையும் தவிர்க்காதீங்க. மனுஷங்களுக்கும் பரவும் பாக்டீரியா நோய் இது. தடுப்பூசி கிடையாது. உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதுதான் நடைமுறை. வழியில் தங்கும் லாயத்தில் வேற குதிரை இருந்தா, அதே தொட்டியில் தண்ணி காட்டாதீங்க.

மீறினா? 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் முதல் தடவைக்கு அபராதம் ரூ.10 முதல் ரூ.50 வரை. ஆமா, ஐம்பது ரூபாய்தான். எழுத்துப்பிழை இல்லை. ஆனா அபராதத்தைவிட, நடுவழியில் வண்டியை நிறுத்தி மேற்கொண்டு போக விடாம பண்ணிட்டாங்கன்னா அதுதான் பெரிய சிக்கல்.

யார் முதலில் போகணும்?

சாமான் லாரியும் வீட்டுப் பெரியவங்களும் முதலில் போயிடட்டும். லாயத்தில் ஆணி, கம்பி இல்லாமல் சுத்தம் பண்ணி, தொட்டியை நிரப்பி வைக்கட்டும். குதிரைக்கு நல்லாப் பழகின ஒருத்தர் குதிரை லாரியில் வரட்டும். அதோட காது, வால் அசைவை வச்சே ஏதோ சரியில்லைன்னு சொல்லக்கூடியவர் அவர்தான். ஏப்ரல், மே தவிர்த்து, விடியற்காலையில் கிளம்பி உச்சி வெயிலில் நிறுத்திடுங்க.

ஊர் வந்து சேர்ந்ததும் தெருவே வேடிக்கை பார்க்கக் கூடும். செல்ஃபி எல்லாம் அடுத்த வாரம் வச்சுக்கலாம். இறக்கியதும் தண்ணி, புல், அமைதி. அடுத்த சில நாள் காலையும் மாலையும் காய்ச்சல் பாருங்க. குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் சாதாரணம். அதைத் தாண்டினாலோ, சாணம் போடாமல் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, விடியட்டும்னு காத்திருக்காமல் கால்நடை மருத்துவருக்கு போன் பண்ணிடுங்க.